ஒச்சம்மா தலை வாராமல் போன நாள்

கிட்டே வந்து உட்காருங்கள். இன்னும் கிட்டே. தூரத்தில் இருந்து கேட்டால் பாதிக் கதையைக் காற்று கொண்டுபோய்விடும். அப்புறம் மீதியை வைத்துக்கொண்டு சண்டைக்கு வரக் கூடாது.

அந்தக் காலத்தில் மரமும் பேசும், மரவட்டையும் பேசும். மனிதர்கள் பேசுவதை அவை முழுசாகக் கேட்கும். அவை பேசுவதை மனிதர்கள் பாதிதான் கேட்பார்கள். அந்தப் பழக்கம் மட்டும் இன்றைக்கும் போகவில்லை.

மலையடிவாரத்தில் ஓர் ஊர். அந்த ஊரில் எல்லாருக்கும் கோரை முடி. ஆற்றங்கரைக் கோரைப்புல் மாதிரி நேராக முளைக்கும், நேராக விழும். நெற்றியில் சீப்பை வைத்தால் அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போய்ப் பிடரியில் நிற்கும். ஒச்சம்மா ஒருத்திக்கு மட்டும் சுருட்டை. அது எங்கிருந்து வந்தது என்று பெற்றவளுக்கே தெரியாது. பிரசவம் பார்த்தவள், "புள்ள பொறந்திருச்சு, கூடவே ஒரு குருவிக்கூடும் பொறந்திருக்கு" என்றாளாம்.

ஊருக்குக் கிழக்கே ஒரே ஒரு பெரிய இலுப்பை மரம். பங்குனியில் இருபது நாள் பூ உதிர்க்கும். விடியும்போது உதிர ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் நின்றுவிடும். அதைப் பொறுக்கிக் காயவைத்துப் பானையில் கட்டி வைத்தால்தான் அடைமழைக் காலத்தில் அடுப்பில் ஏதாவது வேகும். பூச் சேர்க்காத வீட்டில் வெறும் தண்ணீர்தான் கொதிக்கும்.

அந்த மரத்தடிக்குப் போக ஒரு சட்டம் இருந்தது. தலை வாரியவர்கள்தான் உள்ளே வரலாம். ஏன் என்றால், ஒரு வருஷம் கரடி பூத் தின்றபோது தொண்டையில் ஒரு முடி சிக்கி மூன்று நாள் இருமியது. மலையே தூங்கவில்லை. உடனே கூட்டம் போட்டார்கள். உதிர்கிற முடியை வீட்டிலேயே வாரி உதிர்த்துவிட்டு வரவேண்டும் என்று கட்டளை போட்டார்கள். சிக்கின முடி கரடியின் சொந்த முடிதான் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதைக் கரடியிடம் யார் போய்ச் சொல்வது?

சட்டத்தைக் காக்கிற வேலை முள்ளம்பன்றிக்கு. உடம்பில் வளைந்த முள் ஒன்றுகூடக் கிடையாது என்று அதற்கு ஒரே பெருமை. தன் முள்ளிலேயே பன்னிரண்டைப் பிடுங்கி, நாரால் கட்டி, ஒரு சீப்புச் செய்து வைத்திருந்தது. வருகிறவர்களை வழியில் நிறுத்தி நெற்றியில் சீப்பை வைக்கும். பிடரிவரை ஓடினால், "போ." நடுவில் நின்றால், "வீட்டுக்குப் போய் வாரிட்டு வா."

ஒச்சம்மா முதல் கோழி கூவும்போதே எழுந்துவிடுவாள். மரச்சீப்பை எடுத்துக் காய்ந்த தலையில் வைப்பாள். அவள் ஒரு பக்கம் இழுக்க, புருஷன் மொக்கையன் மறுபக்கம் தலையைப் பிடித்துக்கொள்ள, கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குகிற மாதிரி இருக்கும். வார வார முடி உப்பும். இந்தப் பக்கம் ஒரு சிக்கு எடுத்தால் அந்தப் பக்கம் மூன்று சிக்கு விழும். கடைசியில் வைக்கோல் போருக்குக் கீழே ஒரு பெண் நடந்து வருகிற மாதிரி அவள் மரத்தடிக்குப் போய்ச் சேர்வாள்.

முள்ளம்பன்றி சீப்பை வைக்கும். ஒரு விரற்கடைகூடப் போகாது.

"போ, வாரிட்டு வா."

"ஐயா, வாரிட்டுத்தான் வர்றேன்."

"வாரினதுக்கே இப்படின்னா, வாராம இருந்தா எப்படி இருக்கும்? போ, போ."

அவள் திரும்ப வீட்டுக்குப் போய் வாரிவிட்டு வருவதற்குள் மற்றவர்கள் கூடையை நிரப்பியிருப்பார்கள். மிச்சத்தைக் கரடி நக்கியிருக்கும். இப்படியே பதினைந்து நாள்.

நாத்தனார் வீராயிக்கு இடுப்புவரை கோரை முடி. அவள் தினமும் நிறைந்த கூடையோடு ஒச்சம்மா வாசல் வழியாகத்தான் போவாள். வேறு வழி இருந்தாலும் போக மாட்டாள். "அண்ணி, அந்தத் தலையில ஒரு கோழியை அடை வையி. பூ இல்லாட்டியும் குஞ்சாவது கிடைக்கும்" என்பாள். ஒருநாள் மட்டும் மனசு இளகி வேப்பெண்ணெய் கொடுத்தாள். ஒரு கலயம் எண்ணெயையும் முடி குடித்தது, வழிக்கு வரவில்லை. நாலு பிள்ளைகளும் அம்மா பக்கத்தில் படுக்கமாட்டோம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

"நான் போறேன்" என்று ஒருநாள் மொக்கையன் கிளம்பினான். அவன் தலை சுரைக்காய். ஒரு முடி கிடையாது.

முள்ளம்பன்றி அவன் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "தலை வாரியாச்சா?"

"வார என்னங்க இருக்கு?"

"வாரலைதானே? வாரினாத்தான் உள்ளே. போ."

பதினாறாம் நாள். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. ஒச்சம்மாவின் சீப்பு இரண்டாக உடைந்து, பாதி தலைக்குள் போய்விட்டது. அதைத் தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. பானையைத் திறந்து பார்த்தாள். அடியில் ஒரு கைப்பிடிப் பூகூட இல்லை. பிள்ளைகளைப் பார்த்தாள். கூடையை எடுத்துக்கொண்டு நேரே ஆற்றுக்கு நடந்தாள்.

கரையில் செம்பருத்தி மண்டிக் கிடந்தது. இரண்டு கை இலையை உருவிக் கல்லில் வைத்துத் தேய்த்தாள். கொழகொழவென்று வந்ததைத் தலையில் அப்பிக்கொண்டு தண்ணீருக்குள் முங்கினாள். எழுந்தபோது உடைந்த சீப்பு தானாக மிதந்து போனது.

கல்லில் ஒரு மரவட்டை ஊர்ந்துகொண்டிருந்தது. இருந்த எரிச்சலில் ஒச்சம்மா அதை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். அது சுருண்டுகொண்டது.

"நேரா இரு!" என்று மறுபடி தட்டினாள். அது இன்னும் இறுக்கமாகச் சுருண்டது.

"ஏம்மா, நான் நேராத்தானே போயிக்கிட்டிருந்தேன்?" என்றது மரவட்டை, சுருளுக்குள்ளிருந்து. "நீ தட்டித் தட்டி நேராக்கப் பாக்குறே. தொட்டாச் சுருளுற ஜாதி நானு. உன் தலையையும் தினம் இப்படித்தான் குத்துறியா?"

"வேற என்ன செய்யச் சொல்றே?"

"ஈரமா இருக்கும்போது ஒரு தடவை நல்லவிதமாச் சொல்லு, கேட்கும். காய ஆரம்பிச்சப்புறம் கையை எடுத்திரு. காய்றப்போ தொட்டா யார் சொல்லும் கேட்காது."

"எங்க வீட்டுக்காரர் மாதிரிங்கிறே."

"அது எனக்குத் தெரியாதும்மா. காலு நூறு இருக்கு, கல்யாணம் ஆகலை."

ஒச்சம்மா யோசித்தாள். இலைக் கொழகொழப்பை முழுசும் அலசாமல் கொஞ்சம் தலையிலேயே விட்டாள். சீப்பு இல்லை, பத்து விரலையும் விட்டுக் கோதினாள். மீன் நழுவுகிற மாதிரி விரல் நழுவிக்கொண்டு போனது. பிறகு நுனியிலிருந்து கொத்துக் கொத்தாக அள்ளி உள்ளங்கையில் வைத்து மெல்ல அமுக்கி விட்டாள். ஒவ்வொரு கொத்தும் ஒரு மரவட்டை மாதிரி அழகாகச் சுருண்டு தோளில் உட்கார்ந்தது. அவ்வளவுதான். கொண்டை போடவில்லை, பின்னவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்டக் கூடையோடு மரத்தடிக்கு நடந்தாள். அன்றைக்கு அவள்தான் முதல் ஆள்.

முள்ளம்பன்றி கொட்டாவி விட்டுக்கொண்டே சீப்பை நெற்றியில் வைத்தது. வைத்ததுதான் தெரியும். ஈரமும் கொழகொழப்பும் சேர்ந்து, சீப்பு சர்ரென்று வழுக்கிப் பிடரியில் போய் நின்றது. முள்ளம்பன்றி சீப்பைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, மறுபடி சீப்பை மோந்து பார்த்தது.

"போலாமாங்கய்யா?"

"...போ."

ஒச்சம்மா ஓடிப்போய்ப் பொறுக்கினாள். கூடை நிரம்பியபோது கிழக்கே சூரியன் எட்டிப் பார்த்தது. காற்று அடித்தது. அவள் தலை காய ஆரம்பித்தது. தோளில் இருந்த முடி காதுக்கு ஏறியது. காதில் இருந்தது பக்கவாட்டில் விரிந்தது. அங்கே வழியில் நின்ற முள்ளம்பன்றி பார்த்துக்கொண்டே இருந்தது. இங்கே அவள் முடி எழ எழ, அங்கே அதன் முள் ஒவ்வொன்றாக எழுந்தது.

ஒச்சம்மாவுக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் போகும்போது முள்ளம்பன்றி கூடையைப் பிடுங்கிக்கொள்ளும். கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஒரு பூ அவள் உச்சந்தலையில் விழுந்தது. வீராயி தலையில் விழுந்தால் வழுக்கித் தரையில் விழும். இவள் தலையில் விழுந்தது, விழுந்த இடத்திலேயே இருந்தது. தொட்டுப் பார்த்தாள். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் கண்ணைத் துடைத்தாள். பூ அடர்ந்த கிளை எது என்று அண்ணாந்து பார்த்தாள். அதற்கு நேர் கீழே போய் அசையாமல் நின்றாள்.

கரடி மென்றுகொண்டே கேட்டது: "கூடைதான் நெறஞ்சிருச்சே, தங்கச்சி. இன்னும் எதுக்கு நிக்கிறே?"

"தலை காயட்டும்ணே. ஈரத்தோட போனா சளி பிடிக்கும்."

"அதுவும் சரிதான்" என்றது கரடி. "அந்தக் கிளையைக் கொஞ்சம் ஆட்டிவிடட்டுமா? காத்து வரும்."

"ஆட்டுங்கண்ணே. நல்லா இருப்பீங்க."

கரடி ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. பூ மழையாகக் கொட்டியது. முடி எல்லாவற்றையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது.

வெயில் ஏறியதும் ஒச்சம்மா கழுத்தை ஆட்டாமல், தண்ணீர்க் குடம் சுமக்கிறவள் மாதிரி நடந்து வந்தாள். முள்ளம்பன்றி குறுக்கே பாய்ந்தது.

"ஏய்! உள்ளே போனப்போ இருந்த தலை எங்கே?"

"அதே தலைதாங்கய்யா."

"நான் வாரின தலை இவ்வளவு பெருசு இல்லை!" என்று சீப்பை நெற்றியில் குத்தியது. ஒரு விரற்கடை போய் நின்றது. இழுத்தது, வரவில்லை. காலை ஊன்றி இழுத்தது. சுருள் ஒவ்வொன்றும் ஒரு முள்ளைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பின்னால் வந்தவர்களெல்லாம் கூடையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வீராயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

முள்ளம்பன்றிக்கு மூச்சு வாங்கியது. "வாராத தலை! கூடையை வை! வெறுங்கையோட வீடு போய்ச் சேரு!"

ஒச்சம்மா சண்டை போடவில்லை. கூடையைக் கீழே வைத்தாள். "கையில ஒண்ணும் இருக்கக் கூடாது, அவ்வளவுதானுங்களே?" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"அவ்வளவுதான்! அது... அது என்ன தலையில வெள்ளையா?"

"பூவுங்க. பொம்பளை தலையில ரெண்டு பூ இருக்கக் கூடாதா? அதுக்கும் சட்டம் இருக்கா?"

அதற்குச் சட்டம் இல்லை. கரடி வேறு பின்னாலிருந்து, "தங்கச்சி பூ வச்சா உனக்கென்னய்யா?" என்று உறுமியது. முள்ளம்பன்றி ஒதுங்கி வழி விட்டது. ஒச்சம்மா நெற்றியில் சீப்போடு நடந்து போனாள்.

வாசலில் மொக்கையன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் அம்மாவின் வெறுங்கையைப் பார்த்தார்கள். சின்னது உதட்டைப் பிதுக்கியது.

"ஏலே, அந்த முறத்தை எடுத்துக் கீழே வையி" என்றாள்.

முறத்துக்கு நேராகக் குனிந்தாள். தலையைக் கவிழ்த்து, பத்து விரலையும் விட்டு ஒரு உலுக்கு உலுக்கினாள். பொலபொலவென்று கொட்டியது. முறம் நிரம்பிற்று. இன்னொரு உலுக்கு, முறம் வழிந்து தரையில் கொட்டிற்று. பிள்ளைகள் நாலும் மேலே விழுந்து அள்ளின. மொக்கையன் தன் தலையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டான்.

மிச்சமிருந்த நாலு நாளும் ஒச்சம்மா இப்படியே போய் வந்தாள். நிறுத்திப் பார்க்க முள்ளம்பன்றியிடம் சீப்பு இல்லை. வெட்கத்தில் அது பகலில் வெளியே வருவதையே விட்டுவிட்டது. மழைக்காலம் முழுக்க அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

அன்று முதல்தான் சுருட்டை முடிக்காரர்கள் காய்ந்த தலையில் சீப்பை வைப்பதில்லை. நனைத்து, இலைச்சாறு தடவி, விரலால் கோதி, அமுக்கிவிட்டுத் தங்கள் பாட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சுருட்டை முடி சோறு போடும் என்று ஊர் சொல்வதும் அன்று முதல்தான்.

நெற்றியில் சிக்கின அந்த முள்ளுச் சீப்பு? அடுத்த நாள் ஆற்றில் தலை நனைத்ததும் தானாகக் கையில் வந்தது. ஒச்சம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து, முதுகு சொறிந்துகொள்ளச் சொல்லி மொக்கையனிடம் கொடுத்துவிட்டாள்.