கால்தடங்களை அளந்த உடும்பு

பங்குனி மாதம், மாலை ஐந்து மணி பத்து நிமிடம். காற்று அடியோடு நின்றுவிட்டிருந்தது. வெயில் மட்டும் இறங்க மனமில்லாமல் ஆலமரத்து உச்சியில் உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தில் உலகம்மை என்னும் உடும்பு, தாமரைக்குளத்தின் கரையில் கால்தடங்களைத் தேடிக்கொண்டிருந்தது.

தேடுவதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காட்டில், ஆலமரத்தடியில் ஒரு பல்கலைக்கழகம் நடந்து வந்தது. காட்டு அவை பொதுக் களஞ்சியத்திலிருந்து ஆண்டுதோறும் அதற்கு அத்திப்பழம் ஒதுக்கியது. "படித்தவர்கள் மரத்தடியிலேயே இருந்தால் போதாது. கூடு கட்டி விற்கும் தூக்கணாங்குருவிகளுக்கும் குளத்துக் குடிகளுக்கும் அந்தப் படிப்பு பயன்பட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பழம்" என்று அவை சொல்லியிருந்தது. பழம் பயன்படுகிறதா, வீணாகிறதா என்று மதிப்பிடும் பொறுப்பை உலகம்மையிடம் ஒப்படைத்திருந்தது.

உலகம்மை பொறுமைசாலி, நேர்மையில் குறை சொல்ல முடியாது. யாருடைய வாய்ச்சொல்லையும் நம்புவதில்லை என்பது அதன் கொள்கை. 'பேச்சு காற்றோடு போய்விடும். நன்றியுணர்வு ஆளுக்கு ஆள் மாறும். தடம் மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். ஆகவே தடத்தையே அளப்போம்' என்று அது முடிவு செய்திருந்தது.

நீரிலிருந்து செண்பகவல்லி என்னும் தவளை தலையை நீட்டியது.

"என்ன அம்மா, எதையாவது தொலைத்துவிட்டீர்களா?"

"இல்லை. பல்கலைக்கழகம் உங்களுக்கு என்ன செய்தது என்று மதிப்பிடுகிறேன்."

"அதை என்னிடம் கேட்கலாமே. எனக்கு வாய் இருக்கிறது. அதைப் பற்றிக் காடு முழுவதும் புகார்கூட இருக்கிறது."

"உன்னைக் கேட்டால் நடுநிலை கெட்டுவிடும்" என்றது உலகம்மை.

செண்பகவல்லி கேட்காமலே சொன்னது: "கரையில் நண்டு வளைகள் விழுந்து தண்ணீர் கசிகிறது. பேராசிரியர் ஆந்தையம்மா அந்திதோறும் வந்து, எந்த வளையை முதலில் அடைப்பது, களிமண்ணோடு எந்த வேரைச் சேர்ப்பது என்று சொல்லித் தருகிறார். பாதியை அடைத்துவிட்டோம். மீதியையும் அடைத்தால்தான் என் தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைக்கும்வரை தண்ணீர் நிற்கும். இல்லாவிட்டால் அவை சேற்றோடு காய்ந்துபோகும்."

"ஆந்தையின் தடம் எங்கே?"

"அவர் பறந்தல்லவா வருகிறார்?"

"அப்படியானால் அவர் வரவில்லை" என்று உலகம்மை நிதானமாகச் சொல்லிவிட்டு, பேராசிரியருக்குப் பூஜ்யம் போட்டது.

செய்தி ஆலமரத்தடிக்குப் போனதும் துணைவேந்தர் கடமானுக்குக் கொம்பு வியர்த்தது. பழம் நின்றுபோனால் பல்கலைக்கழகம் என்ன ஆவது? உடனே ஆந்தையை அழைத்தது.

"பேராசிரியரே, நாளை முதல் நீங்கள் குளத்துக்கு நடந்து போக வேண்டும்."

"எனக்கு இறக்கை இருக்கிறதே."

"இருக்கட்டும். அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை."

"நடந்து போய்ச் சேர்வதற்குள் பொழுது போய்விடும். பிறகு வளைகளை எப்போது பார்ப்பது?"

"வளைகளுக்கு மதிப்பெண் இல்லையே, அம்மா" என்றது துணைவேந்தர், மிகுந்த கனிவோடு.

அதோடு நிற்கவில்லை. சமூகத் தொடர்பு இயக்குநர் என்று ஒரு புதிய பதவி உருவாக்கப்பட்டு, அதில் ஒரு மரவட்டை அமர்த்தப்பட்டது.

"உங்களுக்குக் குளத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று ஆந்தை அதனிடம் கேட்டது.

"ஒன்றும் தெரியாது, அம்மா. ஆனால் என் கால்களைப் பாருங்கள். நான் ஒரு தரம் போய்வந்தால் ஒரு துறையே போய்வந்த மாதிரி" என்றது மரவட்டை.

அன்று முதல் அறிஞர்கள் குளக்கரைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். முயல்கள் வந்தன, மயில்கள் வந்தன, காட்டுப்பன்றிகள் ஆய்வு மாணவர்களோடு வந்தன. வந்த வேகத்தில் திரும்பின. எதிர்ப்பட்ட தவளைகளுக்கு வணக்கம் சொல்லக்கூட நேரமில்லை.

"ஐயா, எதற்காக வந்தீர்கள்?" என்று செண்பகவல்லி ஒரு காட்டுப்பன்றியை மறித்துக் கேட்டது.

"வருவதற்காகத்தான். வழியை விடம்மா, திரும்பிப் போய் இன்னொரு தடவை வர வேண்டும்."

உலகம்மைக்கு மகிழ்ச்சி. ஆனாலும் துல்லியத்தை அது விட்டுக்கொடுக்கவில்லை. காற்றில் கலைந்துபோகும் மங்கிய தடங்கள் கணக்கில் வராது என்று ஒரு விதி செய்தது. மறுநாளே அறிஞர்கள் தலையில் கல்லைச் சுமந்துகொண்டு நடந்தார்கள். தடங்கள் அழுத்தமாக விழுந்தன. மரவட்டைக்கு மட்டும் சிறு கூழாங்கல். அதையே அது மலையைத் தூக்குவதுபோல் தூக்கியது.

"கரை தேய்ந்து நீர்மட்டத்துக்கு வந்துவிட்டது, அம்மா" என்று செண்பகவல்லி உலகம்மையிடம் முறையிட்டது. "ஆந்தையம்மா நடந்து வந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார். ஒரு வளைகூட அடைபடவில்லை."

"கரை தேய்கிறது என்றால் உறவு வலுக்கிறது என்று பொருள். கொஞ்சம் தள்ளி நில். நீ நிற்கும் இடத்தில் ஒரு நல்ல தடம் இருக்கிறது."

மதிப்பீட்டின் கடைசி நாள் மாலை. துணைவேந்தர் முன்னே செல்ல, பல்கலைக்கழகம் முழுவதும் கற்களைச் சுமந்து வரிசையாகக் கரைமேல் ஏறியது. கடமானின் குளம்பு அடைக்கப்படாத ஒரு வளைமேல் பதிந்தது. கரை முனகியது, உள்வாங்கியது, உடைந்தது.

குளத்து நீர் இடைவெளியில் பாய்ந்தது. கூடவே, கறுப்பு மணிகளை அள்ளி வீசியதுபோல், தலைப்பிரட்டைகள் அடித்துச் செல்லப்பட்டன. அவற்றுக்குக் கால் இல்லை. ஆகவே தடமும் இல்லை. அந்தக் குளத்தில் இத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பது உலகம்மையின் கண்ணில் அன்றுதான் பட்டது.

கரையின் பாதித் தொலைவில் தள்ளாடி நடந்துகொண்டிருந்த ஆந்தை, விதியை மறந்து இறக்கையை விரித்தது. "கற்களை உடைப்பில் போடுங்கள்! இடது பக்கம் முதலில்!"

ஒருவரும் அசையவில்லை. தலையில் கல்லோடு எல்லோரும் துணைவேந்தரைப் பார்த்தார்கள். துணைவேந்தர் உலகம்மையைப் பார்த்தது.

"மதிப்பீட்டாளரே, ஓர் ஐயம்" என்றது கடமான். "இந்தக் கற்கள் தடத்துக்காக ஒதுக்கப்பட்டவை. உடைப்பில் போட்டால் மதிப்பெண் உண்டா?"

உலகம்மைக்கு அந்தக் கேள்வி புரிந்தது. அதுதான் வேதனை. அதைக் கேட்கக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்பதும் புரிந்தது. அது உடைப்புக்குள் குதித்தது. முன்கால் நகங்களை ஒரு கரையிலும், வாலை மறு கரையிலும் ஊன்றி, நீருக்குக் குறுக்கே கிடந்தது.

"போடுங்கள்!"

"உங்கள் முதுகின் மேலா?"

"வேறு எங்கே?"

கற்கள் விழுந்தன. ஆந்தை மேலிருந்து இடம் காட்ட, தவளைகள் சந்துகளில் களிமண்ணைத் திணித்தன. மரவட்டையும் தன் கூழாங்கல்லைக் கொண்டுவந்து வைத்தது. ஒரு சிறு சந்துக்கு அது சரியாகப் பொருந்தியது. இருள்வதற்குள் நீர் நின்றது. குளத்தில் பாதி எஞ்சியது. தவளைகள் கற்களுக்கு அடியிலிருந்து உலகம்மையை இழுத்தெடுத்தன.

மறுநாள் காலை துணைவேந்தர் கடமான் காட்டு அவைக்குப் போய், போட்ட கற்களுக்கு மதிப்பெண் கேட்டு வாதாடியது. மரவட்டைக்குப் பதவி இருக்கிறதா, போய்விட்டதா என்று யாரும் சொல்லாததால் அது குளத்துக்கும் ஆலமரத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தது. ஆந்தை தூக்கத்தைத் தள்ளிப்போட்டு, மீதி வளைகளைத் தவளைகளுக்குக் காட்டியது. செண்பகவல்லி பள்ளங்களில் தேங்கிய தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்து குளத்தில் விட்டது. பலவற்றை அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. உலகம்மை வீங்கிய முதுகோடு நீரோரத்தில் உட்கார்ந்து, திரும்பி வந்த செண்பகவல்லியிடம், "உனக்கு என்ன வேண்டியிருந்தது, என்ன கிடைத்தது? சொல், கேட்கிறேன்" என்றது, தவளை உச்சிவேளைவரை பேசியது, உடும்பு ஓரிடத்திலும் குறுக்கிடவில்லை.

அளப்பதற்கு எளிதானதை மட்டுமே அளப்பவர், காக்க வேண்டியதைக் கைநழுவ விடுவார்.