எந்தப் பக்கத்து வெயில்

"நில்லுங்க! நில்லுங்க!" என்று கத்தியபடி ஆள்காட்டிக் குருவி முதல் யானையின் நெற்றியில் போய் மோதியது. யானை நின்றது. அதற்குள் குருவியின் நான்கு முட்டைகளும் யானையின் காலடியில் கூழாங்கற்களோடு நசுங்கிவிட்டன.

பறவையும் விலங்கும் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், யானைகள் காட்டாற்றைக் கடக்கும் முன் சொல்லியனுப்பிவிட்டுத்தான் வரும். ஆற்றுமணலில் அடைகாப்பவர்கள் அவகாசம் கேட்டால் கொடுக்கும்.

"வெயில் வர்ற வரைக்கும்தானே கேட்டேன்? உள்ளேயிருந்து ஓட்டைக் கொத்துற சத்தம் கேட்டுச்சு. வெயில் பட்டதும் வெளியே வந்து ஓடியிருக்கும். அதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு?"

"விடிஞ்ச பிறகுதாம்மா எறங்கினோம்" என்றது யானை. "மலைமேல நின்னு சூரியனைப் பார்த்துட்டுத்தான் வந்தோம்."

ஆள்காட்டி நிமிர்ந்து பார்த்தது. மலை உச்சியில் வெயில். மலைக்கு மேற்கே, ஆற்றில், இன்னும் நிழல்தான். இங்கே சூரியன் வர இரண்டு நாழிகை ஆகும்.

சேதி கொண்டுபோன மைனா பக்கத்துக் கிளையில் இருந்தது.

"உங்கிட்ட நான் என்ன சொல்லி அனுப்பினேன்?"

"விடிஞ்சதும் வரச் சொன்னே."

"என் கல்லுமேல வெயில் விழுந்ததும்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே. ஒரு நாளைக்கு இருபது சேதி சுமக்கிறேன். இருக்கிறதே ஒரு சூரியன். அது யார் கல்லுல விழுதுன்னு வேற சொல்லிக்கிட்டே திரியணுமா?"

"உன் நாக்கு நோகக் கூடாதுன்னு என் பிள்ளைங்க சாகணுமா?"

மைனா இறகைக் கோதியது. "பெரியவர்தான் எந்தப் பக்கம்னு கேட்டிருக்கணும்."

"சொன்னபடி செஞ்சேன்" என்றது யானை.

ஆள்காட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. நான்கு பிள்ளைகள் செத்திருந்தன, கொன்றவர் யாருமில்லை.

"உங்க விடியலும் வேண்டாம், உங்க அவகாசமும் வேண்டாம்" என்றது. "இனிமே யார்கிட்டயும் வேளை சொல்லி அனுப்ப மாட்டேன். எவன் வந்தாலும், எப்ப வந்தாலும், நானே கத்துவேன்."

அன்று தொடங்கியதுதான். இன்றும் ஆள்காட்டி பகல் இரவு பார்ப்பதில்லை. தொலைவில் ஒரு காலடி கேட்டாலே எழும்பிக் கத்துகிறது. வருவது யானையா, ஆடு மேய்க்கிறவரா என்று விசாரிப்பதில்லை.

அன்று யானைகள் ஒவ்வொன்றாக ஆற்றைக் கடந்தன. கடைசியில் வந்த பெண் யானை, தும்பிக்கையால் கொஞ்சம் மணலை அள்ளி முட்டைகள் நசுங்கிய இடத்தில் போட்டுவிட்டு நடந்தது.