பித்தளையில் மிராசுதார் முகம்

வாடகை வீட்டுக் கார் ஷெட்டில் பரிபூரணம் பித்தளைத் தகட்டில் உருவம் தட்டப் பழகிவந்தாள். ஒரு மத்தியானம், செத்த பிறகும் வீட்டைக் காலி செய்யாத பழைய மிராசுதார் வாசலை மறித்து நின்றார். ஷெட் சில்லிட்டது.

“இந்தப் பித்தளையில என் முகம் அச்சு அசலா வரணும். பிசகினா உன் ரெண்டு கையும் எனக்கு.”

சுவரில் சுத்தியல்கள் வரிசையாகத் தொங்கின. அவளோ புளியை எடுத்துத் தகட்டைத் தேய்த்தாள்.

“பாத்திரமா விளக்குறே, கழுதை?”

“ஐயா முகமாச்சே. பளிச்சுன்னு இருக்க வேணாமா?”

மின்னிய தகட்டை அவர் முன் நீட்டினாள். அவருக்குப் பின்னாலிருந்த கேட் அதில் முழுசாகத் தெரிந்தது. அவர் தெரியவில்லை.

“நான் எங்கேடி?”

“உள்ளது உள்ளபடிதான் வந்திருக்கு, ஐயா.”

அவர் தகட்டையே வெகுநேரம் பார்த்தார். பிறகு வாசலில் வெயில் மட்டும் நின்றது.