பெட்டிக்கு ஒரு கடி

ஊமத்தம்பட்டிப் பொருவிளங்கா உருண்டையை முதல்முறை கடிப்பவனுக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருத்தி அதைப் பிடித்தவள். இன்னொருவர் பல் டாக்டர்.

வறுத்த அரிசி மாவு, பாசிப்பயறு, சுக்கு, வெல்லப்பாகு, அவ்வளவுதான். சூட்டோடு பிடித்தால் உருண்டை, ஆறிவிட்டால் கூழாங்கல். மாதக்கணக்கில் கெடாது. எறும்புகூட வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டு திரும்பிப் போகும். ஆனால் கன்னத்தில் ஒதுக்கிவைத்துப் பொறுமையாக ஊறவிட்டால், ஆகா! விலை குறைத்துக் கேட்பதே தொழிலாகக் கொண்ட நானே அந்த ருசிக்கு விலை குறைத்துக் கேட்டதில்லை.

அந்த ஊருக்கு வெல்லம் போடுகிறவன் நான். அப்படிப்பட்ட பண்டத்தைச் சந்தையில் சாக்கு விரித்துக் கொட்டி, வந்தவன் கேட்ட விலைக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, "பாவம், வெயில்ல வந்திருக்காரு" என்று இரண்டு கொசுறும் போடுவார்கள். பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவர்களுடைய பலகாரச் சங்கத்துக்கே போய்விட்டேன்.

"வே ஊய்க்காட்டான்," என்றேன் தலைவரிடம். "பினாங்குல சாத்தையான்னு ஒரு கடைக்காரர் இருக்காரு. எனக்கு ரொம்ப நாள் பழக்கம். கெடாத பலகாரம் வேணும், கெடாத பலகாரம் வேணும்னு என் உசுர எடுக்காரு. ஒரு பெட்டி சாம்பிள் அனுப்பிப் பாரும்."

ஊய்க்காட்டான் மீசையைத் தடவி யோசித்தார். அந்த ஊரில் யாராவது யோசிக்க ஆரம்பித்தாலே எனக்குப் பயம் வந்துவிடும்.

"அனுப்பாட்டா வேற வழியும் இல்ல அண்ணாச்சி," என்றாள் குருவம்மாள். உருண்டை பிடிக்கும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் மேஸ்திரி. "கீழப்பாறைப் பலகாரக் கம்பெனிக்காரன் வந்து சொல்லிட்டுப் போயிட்டான். இந்தத் தீபாவளிக்குள்ள உங்களுக்குன்னு ஒரு யாவாரம் புடிபடலைன்னா, சங்கத்த மூடிட்டு எங்கிட்ட கூலிக்குப் புடிக்க வாங்கன்னான். நம்ம உருண்டையில அவன் பேர ஒட்டி விப்பானாம்."

எனக்கே வயிறு எரிந்தது. "அப்ப நாளைக்கே அனுப்புங்க."

"அது முடியாது," என்றார் ஊய்க்காட்டான். "ஏற்றுமதின்னா மொறையாப் படிச்சிட்டுத்தான் செய்யணும்."

படிக்கப் போனார்கள். புதுத் தொழில்காரர்களுக்கு வழிகாட்ட டவுனில் ஒரு மையம் இருந்தது. அங்கே ஹரிபிரகாஷ் என்று ஓர் அதிகாரி. ஆயுளில் ஓர் ஊக்குகூட விற்றதில்லை. ஆனால் விற்பது எப்படி என்று நாள் முழுக்கப் பேசுவார். வகுப்புக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு ஃபைல், ஒரு பேனா, டீ, கூடவே ஆறிப்போன வடை.

"ஏற்றுமதிப் பொருளில் கை படக்கூடாது," என்றார் அவர். "பெட்டியில் மேல்நோக்கி அம்புக்குறி இருக்க வேண்டும். நீங்கள் சுவைத்துப் பார்க்காததை வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சாம்பிள் ஒன்று சரக்கு வேறு என்று ஆனால், கப்பல் அப்படியே திரும்பி வந்துவிடும்."

ஊமத்தம்பட்டிக்காரர்கள் இதை சாமி வாக்காக எடுத்துக்கொண்டார்கள். குருவம்மாள் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டாளாம்.

அடுத்த வாரம் வெல்லம் இறக்கப் போனேன். கொட்டகையில் பெண்கள் வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தது. கீழே தாம்பாளத்தில் சூடான மாவு. அதை உள்ளங்காலுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அடிப் பாவிகளா! என்னத்த செய்யுதிய?"

"கை படாமப் புடிக்கோம் அண்ணாச்சி," என்றாள் குருவம்மாள், நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தபடி. "கால நல்லாத் தேச்சுக் கழுவியாச்சு. சூடுதான் தாங்கல."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "கையுறை! கையுறை மாட்டிக்கிட்டுப் புடிக்கணும்! அதத்தான் சொன்னாரு அந்த ஆளு!"

அவர்கள் கூடிப் பேசினார்கள்.

"கையுறைக்குள்ள கைதான இருக்கும்?" என்றார் ஊய்க்காட்டான்.

"இருக்கும். ஆனா அது மாவுக்குத் தெரியாது," என்றாள் குருவம்மாள்.

அந்த வாதம் எடுபட்டது. கையுறை வாங்கினார்கள். சங்கத்துக்காரர் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். ஊய்க்காட்டான் அதோடுதான் சாப்பிட்டார், அதோடுதான் குளித்தார். கேட்டால், "எப்ப ஆர்டர் வரும்னு யாரு கண்டா?" என்றார்.

அம்புக்குறியில் இன்னொரு சிக்கல். பெட்டிக்கு மேல்பக்கம் தெரிகிறது. உருண்டைக்கு எது மேல்பக்கம்?

"எந்தப் பக்கம் மேல இருக்கோ அதுதான் மேப்பக்கம்," என்றான் வேம்படி. சங்கத்தில் மூட்டை தூக்குகிறவன். அந்த ஊரில் அந்த வருடம் பேசப்பட்ட ஒரே புத்தியுள்ள பேச்சு அதுதான். அதனால் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் அதைத் தள்ளிவிட்டார்கள். கடைசியில் பெட்டிக்கு மட்டும் அம்புக்குறி போடுவது, உருண்டையை அதன் மனச்சாட்சிக்கு விட்டுவிடுவது என்று முடிவானது.

சாம்பிள் பெட்டி தயாரானது. உள்ளே பன்னிரண்டு உருண்டை. இனி சுவைத்துப் பார்க்க வேண்டுமே! ஆறின உருண்டையைக் கடிக்க ஊரில் ஒரே ஆள் வேம்படிதான். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும், ஆனால் பல் ஒவ்வொன்றும் உளி. சோடா மூடியைத் திறக்க அந்த ஊரில் வேறு கருவி கிடையாது.

வேம்படி பெட்டியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்தான். ஒரே கடி. மென்றான். விழுங்கினான். "நல்லாருக்கு," என்று மீதியைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்தான். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு இருக்க வேண்டும் அல்லவா?

பெட்டி பினாங்கு போய்ச் சேர்ந்தது. சாத்தையா நாகரிகமான மனுஷர். ஒரு மூலையில் கடிபட்ட உருண்டையைப் பார்த்தார், வழியில் ஏதோ எலி என்று நினைத்துக்கொண்டார், வாய் திறக்கவில்லை. மற்றதைத் தின்று பார்த்துவிட்டுச் சங்கத்துக்கு போன் போட்டார்.

"பிரமாதம்! இதே சாம்பிள் மாதிரி நூறு பெட்டி வேணும். கொஞ்சமும் மாறக்கூடாது. வெள்ளிக்கிழமைக் கப்பலை விட்டுட்டா எனக்குத் தீபாவளி யாவாரம் போச்சு. அப்புறம் நான் கீழப்பாறைக்காரங்ககிட்ட வாங்கிக்குவேன்."

ஊரே துள்ளியது. பெண்கள் இடுப்பொடிய வறுத்து, திரித்து, பாகு காய்ச்சிப் பிடித்தார்கள். நூறு பெட்டியும் நிறைந்தது. எல்லாம் மணி மணியான முழு உருண்டை. அப்படியே ஆணி அடித்து லாரியில் ஏற்றியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் ஊய்க்காட்டான் பெட்டிகளை ஒரு சுற்றுச் சுற்றிவந்து யோசித்தார்.

"எல்லாம் முழுசா இருக்கே!"

"ஆமா, முழுசாத்தான் இருக்கு," என்றாள் குருவம்மாள்.

"சாம்பிள்ல ஒண்ணு கடிபட்டிருந்துதே!"

எல்லாரும் பெட்டிகளைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

"பினாங்குக்காரர்கிட்டயே கேட்டுருவோமா?" என்றாள் ஒருத்தி.

"கேட்டா, இவனுவளுக்கு சாம்பிள் என்னன்னே தெரியலைன்னு நெனைப்பாரு," என்றார் ஊய்க்காட்டான். "மையத்துல கேப்போம். அதுக்குத்தான அவுக இருக்காக."

ஹரிபிரகாஷுக்கு போன் போனது. அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார்.

"சாம்பிளை வாங்குபவர் ஒப்புக்கொண்டாரா?"

"பிரமாதம்னு சொன்னாரு சார்."

"அப்புறம் என்ன? சாம்பிளில் எது எப்படி இருந்ததோ, சரக்கிலும் அது அப்படியே இருக்கட்டும்." வைத்துவிட்டார்.

என்ன சரக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுப் பழகியிருந்தால் அவர் ஏன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் போகிறார்? என்னைப்போல வெல்லம் விற்றுக்கொண்டிருப்பார்.

ஆக, பெட்டிக்கு ஒரு கடி என்று தீர்மானம். ஆளுக்குக் கொஞ்சம் கடித்தால் சுருக்க முடியுமே என்று ஒருத்தி சொன்னாள். குருவம்மாள் சீறிவிட்டாள்.

"உன் பல்லுல சந்து இருக்கா? சாம்பிள்ல ரெண்டு பள்ளமும் நடுவுல ஒரு மேடும் இருந்துச்சு. நீ கடிச்சா அது போலிச் சரக்கு!"

வேம்படியை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். கையுறை மாட்டினார்கள். அவன் கடித்து, மென்று, விழுங்கி, வெந்நீரால் கொப்பளித்து, அடுத்த பெட்டிக்குத் திரும்பினான். அவன் பெண்டாட்டி விசிறிக்கொண்டே, "நம்ம வீட்டு மனுசன் வாய்பட்டது கடல் தாண்டிப் போவுது" என்று கண் கலங்கினாள்.

முக்கால்வாசிப் பெட்டி முடிந்திருக்கும். 'டக்' என்றது. வேம்படி உருண்டையை வாயிலிருந்து எடுத்தான். இடது முன்பல் உருண்டையில் நின்றது.

அப்போதுதான் எனக்கு போன் வந்தது. வியாழக்கிழமை, உச்சிவெயில்.

"அண்ணாச்சி," என்றார் ஊய்க்காட்டான், "உங்க மண்டியில முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து உள்ள ஆளு யாராவது இருக்காகளா? அவசரம்."

பைக்கை விரட்டிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால், கொட்டகையின் நடுவில் வேம்படி வீங்கின வாயோடு மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறான். உடைந்த பல்லை ஒரு குறட்டில் கட்டி அதால் உருண்டையைக் கவ்வலாமா என்று விவாதம் நடக்கிறது.

"பல்லு அதே பல்லுதான," என்கிறார் ஊய்க்காட்டான்.

"எச்சி?" என்கிறாள் குருவம்மாள். "சாம்பிள்ல எச்சி இருந்துச்சே!"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "கூறுகெட்ட கழுதைகளா! கடிச்ச பண்டத்தக் காசு குடுத்து எவனாவது வாங்குவானா?"

அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க உள்ளூர் யாவாரி," என்றார் ஊய்க்காட்டான் மெதுவாக. "இது ஏற்றுமதி."

இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று சாத்தையாவுக்கே போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே நேரம் ஆனது.

"அட, அது எலியில்லையா அப்ப?"

"எலியா?" என்றான் வேம்படி. உடைந்த பல்லைவிட அதுதான் அவனுக்கு வலித்திருக்கும்.

"கடிச்சது வேணாம்பா, பெட்டி பூரா முழு உருண்டைதான் வேணும்," என்றார் சாத்தையா. "நீங்க செஞ்சது அத்தனையும், ஒரு துணுக்குகூடக் குறையாம என் கடைக்கு வந்து சேரணும். அவ்வளவுதான்."

"கேட்டியளா?" என்று கத்தினேன். "வெல்லம் கெடக்கு, மாவு கெடக்கு. பொழுது சாயிறதுக்குள்ள குறையுறதப் புதுசாப் புடிச்சு வச்சு ஆணிய அடிங்க!"

"சரி அண்ணாச்சி. கடிச்சத என்ன செய்ய?" என்றாள் குருவம்மாள்.

"என் தலையில கொட்டுங்க!"

சொல்லி வாய் மூடவில்லை, இரண்டு பெண்கள் கூடையைத் தூக்கிவிட்டார்கள். அந்த உருண்டையின் கனம் எனக்குத் தெரியும். எடுத்தேன் ஓட்டம். அதற்குப் பிறகு அங்கே என்ன யோசித்தார்கள் என்பதைக் கேட்க நான் இல்லை. அதுதான் வினை.

வெள்ளிக்கிழமை காலையில் தூத்துக்குடித் துறைமுக வாசலில் போய் நின்றேன். எனக்கு முன்பே ஹரிபிரகாஷ் வந்திருந்தார். 'எங்கள் வகுப்பின் வெற்றி' என்று ஒரு பேனர், அதைப் பிடிக்க இரண்டு பேர், படம் எடுக்க ஒருவர்.

சொன்ன நேரத்துக்கு லாரி சங்கத்துக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம். நூறு பெட்டியையும் இறக்கினார்கள். வாசல் காவலர் இரண்டைத் திறந்து பார்த்தார். பெட்டிக்குப் பன்னிரண்டு, எல்லாம் முழு உருண்டை. நெஞ்சு நிறைந்துவிட்டது எனக்கு. கீழப்பாறைக்காரன் முகத்தை ஒருதரம் நினைத்துப் பார்த்துக்கொண்டேன். பெட்டிகள் உள்ளே போயின.

லாரியில் இன்னும் ஒன்று இருந்தது. வேம்படி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் கடிபட்ட உருண்டைகள் அடங்கிய சாக்கு. கையில் கையுறை. சட்டையின் நெஞ்சில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.

"இது யாரு?" என்றார் காவலர்.

"பாக்கிச் சரக்கு," என்றார் ஊய்க்காட்டான். "செஞ்சது அத்தனையும் துணுக்குக் குறையாம வரணும்னு வாங்குறவர் சொல்லிட்டாரு. துணுக்கு பூரா இவன் வயித்துல கெடக்கு. தனியாப் பிரிக்க வழியில்ல. அதான் மொத்தமாவே அனுப்புதோம்."

நான் லாரியை நோக்கி ஓடினேன்.

"லே வேம்படி! நீயுமாலே போற?"

"போய்ட்டு வாரேன் அண்ணாச்சி," என்றான் பொக்கை வாயோடு. "சாம்பிளோட நான் போகலையே, அது ஒண்ணுதான் மனச உறுத்துது."

காவலருக்குப் பொறுமை போய்விட்டது. "எறங்குய்யா கீழ!" என்று அவன் தோளைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினார்.

"ஐயையோ! கை படக்கூடாது!" என்று சங்கமே ஒரே குரலில் அலறியது.

காவலர் திகைத்து, பேனருக்குக் கீழே நின்ற அதிகாரியைப் பார்த்தார். ஹரிபிரகாஷ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அவர்கள் சொல்வது சரிதான். ஏற்றுமதிச் சரக்கு. விதி அப்படி."

காவலர் கொஞ்சம் யோசித்தார். பிறகு உள்ளே போய்க் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார்.