முள்ளம்பன்றியின் ஹாட்ஸ்பாட்

ஆறு ஒன்று வளைந்து திரும்பும் ஒரு காட்டில், கரையோரத்து ஆலமரத்தின் அடியில், முள்ளன் என்ற முள்ளம்பன்றி குடியிருந்தான். அவனிடம் ஒரு மொபைல் ஃபோன் இருந்தது. முள்ளம்பன்றிக்கு ஏது ஃபோன் என்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள். கேட்டால் அவன் உங்களையும் சந்தேகப்பட்டுவிடுவான்.

அக்கம்பக்கத்தாரிடமும் ஃபோன் இருந்தது. ஆனால் ஒன்றில்கூட சிம் கிடையாது. முள்ளன் தன் ஃபோனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டால், அந்த வைஃபையில்தான் மற்றவர்களுக்கு நெட் வரும். முயல் துள்ளாயி, ஆமை ஓடப்பன், அணில் வரிச்சி, மூவரும் இப்படித்தான் காலம் தள்ளினார்கள்.

படம் பார்க்கவா? அதுவும் கொஞ்சம் உண்டு, பொய் சொல்வானேன். ஆனால் முக்கியமான காரணம் வேறு. ஆற்றின் மேலே ஒரு அணை இருந்தது. அங்கே இருந்த நாரையார், மதகைத் திறந்தால் உடனே 'ஆற்றங்கரைக் குழு'வில் செய்தி போடுவார். செய்தியை யார் முதலில் பார்த்தாலும் பக்கத்து வளைக்குக் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் கரையில் அதுதான் வழக்கம்.

துள்ளாயி அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். குட்டிகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. அவள் வளையோ தண்ணீரை ஒட்டிய மணல் சரிவில் இருந்தது. செய்தி வந்தால் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி மேட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். வராவிட்டால்? குட்டிகளோடு வளையே போய்விடும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று முள்ளனின் டேட்டா சீக்கிரம் சீக்கிரமாகத் தீர ஆரம்பித்தது. சாயங்காலம் வரை வந்துகொண்டிருந்தது, மத்தியானத்துக்கே மூச்சை விட்டது.

"யாரோ உறிஞ்சுறாங்க!" என்று முள்ளன் முட்களைச் சிலிர்த்துக்கொண்டான்.

அன்று முதல் அவனுக்குத் தூக்கம் போயிற்று. வரிச்சியைப் பார்த்தால், 'இவள் எதையும் சேர்த்து வைக்கிற ஜாதி. பாட்டாக இறக்கிச் சேர்த்து வைக்கிறாளோ?' என்று தோன்றும். ஓடப்பனைப் பார்த்தால், 'இவன் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்கிறானே, உள்ளே என்ன பார்க்கிறானோ, யார் கண்டது?' என்று தோன்றும். துள்ளாயியைப் பார்த்தாலோ கேட்கவே வேண்டாம். 'இத்தனை பிள்ளைகள்! ஆளுக்கொரு படம் பார்த்தாலே போதுமே!'

கண் திறக்காத குட்டிகள் எப்படிப் படம் பார்க்கும்? அதெல்லாம் சந்தேகம் பிடித்தவன் மண்டையில் ஏறுமா?

இந்த நேரம் பார்த்துத்தான் நரி நல்லதம்பி வந்து சேர்ந்தான். பேர் நல்லதம்பி. பேரில் மட்டும்தான்.

"என்ன முள்ளண்ணே, முகம் வாடிக் கிடக்கு?"

"என் டேட்டாவை எவனோ திருடுறான்."

"எவனோ என்ன எவனோ! எல்லாரும்தான். நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன். எனக்கு ஃபோன் கிடையாது, அதனால பயமில்லாம சொல்றேன். நீங்க நினைக்கிறது அத்தனையும் சரி."

முள்ளனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இத்தனை நாளும் "அப்படியெல்லாம் இருக்காது அண்ணே" என்று சொன்னவர்கள்தான் உண்டு. "நீங்கள் நினைப்பது சரி" என்று சொன்ன முதல் ஆள் இவன்தான்.

"பாஸ்வேர்டை மாத்துங்க. ஒருத்தருக்கும் சொல்லாதீங்க" என்றான் நல்லதம்பி.

முள்ளன் உடனே மாற்றினான். அதுவரை 'கிழங்கு' என்று இருந்த பாஸ்வேர்டு 'யாருக்கும்சொல்லமாட்டேன்' என்று ஆயிற்று.

நல்லதம்பி தலையைச் சொறிந்தான். "ஆனா ஒண்ணு, அண்ணே. நீங்களே மறந்துட்டா என்ன பண்ணுவீங்க? யாராவது ஒருத்தர்கிட்ட சொல்லி வைக்கணும். என்கிட்ட வேண்டாம். வேற யாராவது நம்பிக்கையான ஆளாப் பாருங்க."

"வேற யாரை நம்புறது? உனக்குத்தான் ஃபோனே இல்லையே!" என்று சொல்லி, முள்ளன் அவன் காதில் பாஸ்வேர்டை ஓதிவிட்டான். கேட்டீர்களா கூத்தை!

மறுநாள் காலை துள்ளாயி ஓடிவந்தாள். "அண்ணே, எனக்கு நெட் வரலை. நாரையார் செய்தி போட்டா எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளைங்க இருக்காங்க அண்ணே."

"பிள்ளைங்களைச் சொல்லிச் சொல்லித்தானே என் டேட்டாவைக் காலி பண்ணினே? போ, போ. செய்தி வந்தா நான் சொல்றேன்."

ஓடப்பனும் வரிச்சியும் வந்தார்கள். அவர்களுக்கும் அதே பதில்தான். மூவரும் தொங்கிய முகத்தோடு திரும்பிப் போனார்கள்.

செய்தி வந்தால் சொல்வதாகச் சொன்னானே, முள்ளன் செய்தியைப் பார்த்தானா? எங்கே பார்த்தான்! குழுவில் வரும் 'டிங்' சத்தம் காவலுக்கு இடைஞ்சல் என்று அதையும் அடைத்துவிட்டான். ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்துவைத்து அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அதில் 'இணைந்துள்ள கருவி: 1' என்று இருந்தது.

"டேய் நல்லதம்பி! எல்லாரையும் வெட்டிவிட்டாச்சு. அப்புறம் யார்டா இந்த ஒண்ணு?"

நல்லதம்பி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அட, அது நீங்கதான் அண்ணே! உங்க ஃபோனும் ஒரு கருவிதானே? அதைக் கணக்குல சேர்க்க வேண்டாமா?"

"அதுவும் சரிதான்" என்றான் முள்ளன். சொந்த ஃபோனை ஹாட்ஸ்பாட் ஒருபோதும் அந்தக் கணக்கில் காட்டாது. இது உங்கள் வீட்டுப் பொடிசுக்குக்கூடத் தெரியும். அக்கம்பக்கத்தில் யாரையாவது கேட்டிருந்தால் முள்ளனுக்கும் தெரிந்திருக்கும். கேட்க ஆளை வைத்திருந்தால்தானே?

அந்த 'ஒண்ணு' யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. புதருக்குள் ஒளித்து வைத்த ஃபோனில் நல்லதம்பி பாட்டும் கூத்துமாக அனுபவித்துக்கொண்டிருந்தான். 'கிழங்கு' இருந்த காலத்திலேயே டேட்டாவை உறிஞ்சியவனும் அவன்தான்.

இப்படியே சில நாள் போயிற்று. ஒருநாள் காலை நல்லதம்பி பாயைச் சுருட்டி முதுகில் போட்டுக்கொண்டு ஆலமரத்தடிக்கு வந்தான்.

"எங்கே கிளம்பிட்டே?"

"பாறைமேல போய் இருக்கப் போறேன் அண்ணே. அங்கேயிருந்து பார்த்தா எல்லார் வளையும் தெரியும். யார் என்ன திருட்டுத்தனம் பண்றாங்கன்னு பார்த்து உங்களுக்குச் சொல்றேன்."

"நீ ஒருத்தன்தான்டா எனக்கு" என்றான் முள்ளன்.

வெயில் ஏறிற்று. துள்ளாயி மூச்சிரைக்க ஓடிவந்து நின்றாள்.

"அண்ணே, எனக்கு என்னமோ சரியாப் படலை. நல்லதம்பி தண்ணியை விட்டு நகரவே மாட்டான். இன்னிக்குப் பாயைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போயிட்டான். வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லை. அவனுக்கு ஏதோ செய்தி வந்திருக்கு."

"அவனுக்கா? அவன்கிட்ட ஃபோனே இல்லை."

"இருக்கு! பாறையிலேருந்து பாட்டுச் சத்தம் வருது. எனக்குக் கேட்குது."

முள்ளன் காதைத் தீட்டினான். ஒன்றும் கேட்கவில்லை. "எனக்குக் கேட்கலையே. பொய் சொல்றே. அவன்மேல பழி போட்டு என்கிட்ட பாஸ்வேர்டு வாங்கப் பார்க்கிறே."

"என் காதைப் பாருங்க, உங்க காதைப் பாருங்க. யாருக்குக் கேட்கும்?" என்று துள்ளாயி அழாக்குறையாகக் கேட்டாள். "நம்பலைன்னா சோதிச்சுப் பாருங்க. ஹாட்ஸ்பாட்டை அணைங்க. பாட்டு நின்னா நான் சொல்றேன்."

சோதனை என்றதும் முள்ளனுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. சந்தேகப்பிராணி அல்லவா? "திரும்பி நில்லு. நான் எப்போ அணைக்கிறேன், எப்போ போடுறேன்னு உனக்குத் தெரியக் கூடாது. கண்ணையும் மூடிக்கோ."

துள்ளாயி திரும்பி நின்று கண்ணை மூடினாள். முள்ளன் ஃபோனை வயிற்றுக்கடியில் மறைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அவள் வாயே திறக்கவில்லை. பிறகு சத்தம் வராமல் அணைத்தான்.

"பாட்டு இழுக்குது... திக்குது... நின்னுடுச்சு!" என்றாள் துள்ளாயி.

முள்ளன் மறுபடி போட்டான்.

"இப்ப பாட ஆரம்பிச்சுடுச்சு."

அணைத்தான்.

"நின்னுடுச்சு. அண்ணே, போதும் அண்ணே, செய்தியைப் பாருங்க!"

முள்ளன் அடைத்து வைத்திருந்த குழுவைத் திறந்தான். காலையிலேயே வந்திருந்தது நாரையாரின் செய்தி: 'மதகு திறந்தாச்சு. தண்ணி அதிகம். மத்தியானத்துக்குள்ள உங்க பக்கம் வந்துடும். பிள்ளைகுட்டியோட எல்லாரும் மேட்டுக்குப் போங்க.'

அவன் முட்கள் எல்லாம் தானாகப் படுத்துவிட்டன. ஏறிட்டுப் பார்த்தான். துள்ளாயி அங்கே இல்லை. 'மதகு' என்று அவன் வாய்விட்டுப் படித்தபோதே அவள் பறந்துவிட்டாள்.

முள்ளன் பாஸ்வேர்டையே எடுத்துப்போட்டு ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டான். அவ்வளவுதான்! மரத்துமேல் 'டிங்', ஓட்டுக்குள் 'டிங்', வளைக்குள் 'டிங்' என்று அந்த இடம் முழுக்கச் சத்தம் கிளம்பியது. வரிச்சி மரத்திலிருந்து குதித்தாள். ஓடப்பன் ஓட்டிலிருந்து தலையை நீட்டினான். "எங்களை ஏன் வெட்டிவிட்டே?" என்று ஒருவரும் முள்ளனைக் கேட்கவில்லை. "துள்ளாயி குட்டிங்க!" என்று கத்திக்கொண்டு சரிவுக்கு ஓடினார்கள்.

துள்ளாயி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு பாறைக்கு ஓடினாள். வரிச்சி இன்னொன்றை இழுத்து வந்தாள். முள்ளன் பாய்ந்து போய், "என் முதுகிலே வைங்க, நான் கொண்டுபோறேன்!" என்றான். சொன்ன பிறகுதான் தன் முதுகில் என்ன இருக்கிறது என்பது அவனுக்கே ஞாபகம் வந்தது. அந்த முதுகில் எந்தத் தாய் குட்டியை வைப்பாள்? அவன் கரையில் நின்று, "சீக்கிரம், சீக்கிரம்!" என்று கத்தத்தான் முடிந்தது.

தண்ணீர் வந்தது. செம்மண் நிறத்தில், மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு வந்தது. வளைவாசல் நனைந்தபோது உள்ளே இன்னும் ஒரு குட்டி பாக்கி இருந்தது. ஓடப்பன் யோசிக்கவே இல்லை. தண்ணீருக்குள் இறங்கி, வளைக்குள் தலையை விட்டு, குட்டியை மெல்லக் கவ்வி வெளியே எடுத்தான். வரிச்சி தாவி வந்து அதைத் தூக்கி அவன் ஓட்டின்மேல் வைத்துப் பிடித்துக்கொள்ள, அவன் நீந்திக் கரையேறினான். அவர்களுக்குப் பின்னாலேயே மணல் சரிந்து, வளை இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

எல்லாரும் பாறைமேல் சேர்ந்தார்கள். நல்லதம்பி அங்கே பாயை விரித்து உட்கார்ந்திருந்தான். துள்ளாயி அவனை ஒரு வார்த்தை கேட்காமல், ஈரக் குட்டிகளை அந்தப் பாயிலேயே வரிசையாகப் படுக்க வைத்தாள்.

"அடடா, தண்ணி வந்துடுச்சா!" என்று நல்லதம்பி வாயைப் பிளந்தான். "எனக்கு எங்கே தெரியும்? என்கிட்ட ஃபோன் இருந்திருந்தா ஓடிவந்து சொல்லியிருப்பேனே!"

'டிங்' என்றது பாய்க்கடியில்.

வரிச்சி பாயின் ஓரத்தைத் தூக்கினாள். உள்ளே ஒரு ஃபோன் மினுக்கிக்கொண்டிருந்தது. அதில் நாரையார் கேட்டிருந்தார்: 'எல்லாரும் மேட்டுக்குப் போயிட்டீங்களா?'

துள்ளாயி நல்லதம்பியின் பக்கம் திரும்பினாள். "உனக்குக் காலையிலேயே தெரியும். சொன்னா எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்பாங்க, மாட்டிக்குவோம்னு வாயை மூடிக்கிட்டே. என் பிள்ளைங்க இன்னும் கண்ணே திறக்கலைடா, பாவி!"

நல்லதம்பி வாலைக் காலுக்கிடையில் சுருட்டிக்கொண்டான். ஃபோனை எடுக்கவில்லை, பாயைக் கேட்கவில்லை. பாறையின் மறுபக்கமாக இறங்கிப் போய்விட்டான்.

முள்ளன் குட்டிகளின் பக்கத்தில் வராமல், தன் முட்கள் படாத தூரத்தில் நின்றான்.

"தங்கச்சி, அவன் திருடினான். ஆனா உனக்குச் செய்தி வராம அடைச்சது நான்தானே?" என்றான்.

துள்ளாயி கடைசிக் குட்டியை நக்கித் துடைத்து முடித்தாள்.

"ஆமா அண்ணே, நீங்கதான்" என்றாள். "இப்ப அதை அணைச்சுடாதீங்க. தண்ணி எப்ப வடியும்னு நாரையாரைக் கேட்கணும்."

முள்ளன் தன் ஃபோனை, எல்லாருக்கும் திரை தெரியும்படி, பாறையின் நடுவில் வைத்தான். அதில் 'இணைந்துள்ள கருவி' என்பதற்கு நேரே எண் ஏறிக்கொண்டே போயிற்று. அவன் அதை எண்ணிப் பார்க்கவில்லை.

நீதி: எல்லாரையும் சந்தேகப்படுகிறவன், தன் சந்தேகத்துக்குத் தலையாட்டுகிறவனிடம் ஏமாந்துபோவான்.