புடலங்காயில் ஊஞ்சலாடிய கல்

அந்தக் காலத்தில், கல்லும் காயும்கூட வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, உலகம் முழுவதற்கும் ஒரே ஒரு புடலங்கொடிதான் இருந்தது. எந்தப் பறவை எங்கிருந்து விதையைக் கொண்டுவந்து போட்டதோ, ஆடி மாதத்து ஈரத்தில் அது பூவாயி வீட்டுப் புழக்கடையில் முளைத்து நின்றது. புடலை என்று அதற்குப் பேர் வைத்தவளும் அவளேதான். அவள் புருசன் நாச்சிமுத்து சமையலறைச் சன்னலை ஒட்டிப் பந்தல் போட்டுக் கொடுத்தான். கொடி ஏறியது, பூத்தது, புரட்டாசியில் பிஞ்சும் விட்டது. பூவாயிக்குத் தலைகால் புரியவில்லை!

இலையைக் கசக்கி முகர்ந்த அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள். இந்த வாசனைக்குப் பாசிப்பருப்புதான் சரி. பருப்பைக் குழைய விட்டு, தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுத் தாளித்தால்? நினைக்கும்போதே நாக்கில் எச்சில் ஊறியது.

ஆனால் காய் முற்றுமுன் நல்லபடியாகக் கைக்கு வந்தால்தானே? புடலையைப் போல வேடிக்கை பார்க்கிற காய் அந்தத் தோட்டத்திலேயே கிடையாது. கத்தரிக்காய் தன்பாட்டுக்குத் தொங்கும். வெண்டைக்காய் விறைப்பாக நிற்கும். புடலைக்கோ ஒரு நிமிடம் இருப்புக் கொள்ளாது. சமையலறையில் கடுகு வெடித்தால் சன்னல் பக்கம் திரும்பும். வேலிக்கு அந்தப் பக்கம் கோழிகள் சண்டை போட்டால் அங்கே திரும்பும். கிளி கத்தினால் மேலே பார்க்கும். பொழுது சாய்வதற்குள் சும்மாடு மாதிரி சுருண்டுவிடும். அந்தச் சுருளுக்குள் மழைத்தண்ணீர் தேங்கிக் காய் அழுகி விழும். ஒவ்வொரு முறையும் பூவாயி அரைத்து வைத்த தேங்காய் வேறு குழம்புக்குப் போனது. விதைக்குக்கூட ஒரு காய் தேறவில்லை.

ஐப்பசி பிறந்தது. கொடியில் இலைகள் பழுக்கத் தொடங்கின. கடைசியாக ஒரே ஒரு பிஞ்சு மட்டும் தொங்கியது. அதுவும் அழுகினால் புடலை என்கிற வம்சமே பூண்டற்றுப் போகும்.

பூவாயி பந்தலடியில் நின்று கெஞ்சினாள். “ஏங்கண்ணு, நீயாவது சித்த நேரம் நேரா இருக்கக் கூடாதா? உனக்கப்புறம் யாருமே இல்லையே சாமி!”

“எனக்கும் பயமாத்தான் இருக்குதுக்கா” என்றது பிஞ்சு. “நேராத்தான் இருக்கோணும்னு நினைக்கிறேன். அக்கட்ட என்ன சத்தம்?” என்று கேட்டபடியே வாலை வளைத்தது.

நாச்சிமுத்து ஒரு மூங்கில் சிம்பை வைத்துக் கட்டிப் பார்த்தான். பிஞ்சு அந்தச் சிம்பையே சுற்றிக்கொண்டது. “இது காயல்ல புள்ளே, உன்னோட தங்கச்சிதான்! ஒரு பக்கம் உக்காருதா பாரு” என்று கேலி செய்துவிட்டு அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான். பூவாயிக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது சன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. “அம்மிணி, நான் வேணா வரட்டுங்களா?”

மோர்ச்சட்டியை மூடிய தட்டின் மேல், பூனைக்குப் பயந்து பூவாயி வைத்திருந்த கல் அது. கோழிமுட்டை அளவுதான் இருக்கும். எந்நேரமும் அசையாமல் கிடப்பது ஒன்றே அதற்கு வேலை.

“நீ வந்து என்ன பண்ணுவே?”

“பந்தல்ல எல்லாம் ஆடுது, நான் பாத்துட்டே கிடக்கறேனுங்க. காத்தடிச்சா பீர்க்கங்காய் ஆடுது, சுரைக்காய் ஆடுது. எனக்கும் ஒரே ஒரு தடவை ஊஞ்சலாடோணும். அந்தப் பிஞ்சோட வால்ல என்னயக் கட்டி விடுங்க. நான் ஆடிக்கறேன், அது நேரா இருந்துக்கட்டும்.”

“ஐயோ, எம்பட காம்பு அறுந்துட்டா?” என்று பிஞ்சு அலறியது.

பூவாயி யோசித்தாள். கட்டினால் ஒருவேளை அறுந்து விழும். கட்டாவிட்டால் அழுகி விழுவது நிச்சயம். வாழைநாரைக் கிழித்து நனைத்தாள், கல்லைச் சுற்றிக் கட்டினாள், மூச்சை அடக்கிக்கொண்டு பிஞ்சின் நுனியில் முடிச்சுப் போட்டுக் கையை எடுத்தாள்.

கல் காம்பை ஒரு இழு இழுத்தது. காம்பு தாங்கிக்கொண்டது! காற்று வந்தது. கல் ஆடியது. “ஐ! ஐ!” என்று அது போட்ட கூச்சலில் வேலியில் இருந்த ஓணான் ஓடிப்போனது. வாலில் கனம் இருந்ததால் பிஞ்சால் எந்தப் பக்கமும் திரும்ப முடியவில்லை. மழை பெய்தது, தண்ணீர் வழுக்கிக் கீழே ஓடியது. காய் வரிவரியாக, பளபளவென்று, பூவாயியின் கை நீளத்தையும் தாண்டி நேராக இறங்கியது. மோர்ச்சட்டியில் பூனைக்குத்தான் கொண்டாட்டம்.

“அறுத்துரு புள்ளே, பருப்பு வெந்துருச்சு” என்றான் நாச்சிமுத்து.

அடுப்பில் பருப்பு கொதித்தது. தேங்காய் அரைத்துத் தயாராக இருந்தது. பூவாயி கத்தியோடு பந்தலுக்கு ஓடினாள். ஆடியிலிருந்து காத்திருந்த ஆசை! காம்பில் கத்தியை வைத்தபோது கல் கத்தியது.

“அம்மிணி, அம்மிணி! நான் இன்னும் ஆடி முடிக்கலீங்க!”

பூவாயி கல்லைப் பார்த்தாள். காயைப் பார்த்தாள். இதை அறுத்தால் இன்று ஒரு வேளைக் கூட்டு, அத்தோடு சரி. உலகத்தில் வேறு புடலை இல்லை என்பது கூட்டு ஆசையில் அவளுக்கே மறந்துபோயிருந்தது.

“ஆடு சாமி, ஆடு” என்று கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றைக்கு வெறும் பருப்புச் சோறுதான். நாச்சிமுத்து முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டான்.

காய் பழுத்துச் சிவந்து, வெடித்து, தொப்பென்று விழும்வரை கல் ஆடியது. பூவாயி சிவந்த சதையை வழித்து விதைகளைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தாள். அடுத்த ஆடியில் பந்தல் கொள்ளாத கொடிகள்! சேதி தெரிந்து வாய்க்கால் கற்களெல்லாம் “என்னயக் கட்டுங்க, என்னயக் கட்டுங்க” என்று வாசலில் வந்து குவிந்தன. புரட்டாசியில் பூவாயி வீட்டுப் புடலங்காய்க் கூட்டு தெருவையே கூட்டியது. முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் நினைத்த ருசியேதான்!

அன்று முதல்தான் புடலம்பிஞ்சு விட்டதும் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுகிறோம். எத்தனை ஆசை இருந்தாலும் இருப்பதிலேயே நல்ல காயை அறுக்காமல் விதைக்கு விடுகிறோம், அதில் ஒரு கல் ஆடி முடிக்க வேண்டியிருக்கிறது.