விளாம்பழத்தின் நிழல்

கோடையில் காட்டாறு வற்றியதும் யானை மணலைத் தோண்டி ஓர் ஊற்று எடுத்தது. நீர் மெல்லத்தான் சுரந்தது. ஒருவர் குடித்தால், மறுபடி ஊறும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பதுதான் யாருக்கும் வரவில்லை. பன்றி முண்டியது, நரி கடித்தது. கரை சரிந்து மணல் ஊற்றை மூடியது. மூன்று முறை மறுபடி தோண்டிய யானைக்கு அலுத்துப்போயிற்று.

“இன்னொரு தடவை மூடுச்சுன்னா நான் மலைக்குப் போயிடுவேன்” என்றது.

வேறு யாராலும் அந்த ஆழத்துக்குத் தோண்ட முடியாது. முயல் குட்டி போட்டு இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. குட்டிகளோடு அது எங்கே போகும்?

வேடிக்கை இருந்தால் சண்டை வராது என்று மயில் முன்வந்தது. ஊற்றுக்கு எதிரே இருந்த வெள்ளைப் பாறையின் முன் குரங்குகள் நாள் முழுதும் கல் சுமந்து மேடை கட்டின. மறுநாள் காலை மயில் ஆடியது. ஆட்டம் அழகுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் பின்னால் நின்ற பன்றிக்கு ஒன்றும் தெரியவில்லை. அது மானை இடித்தது. மான் நரிமேல் விழுந்தது. கரையில் பாதி சரிந்தது.

யானை மலைப் பக்கம் திரும்பியது. முயல் கெஞ்சி ஒரே ஒரு நாள் அவகாசம் வாங்கியது.

அன்று மான்குட்டி மட்டும் மயிலையும் பார்க்கவில்லை, சண்டையையும் பார்க்கவில்லை. பாறையில் விழுந்த தன் நிழலின் காதுகளை ஆட்டிக்கொண்டிருந்தது. முயல் அதைக் கவனித்திருந்தது.

மறுநாள் விடியலில் முயல் மேடைக் கற்களை ஒதுக்கச் சொன்னது. குரங்கைக் கொண்டு ஒரு விளாம்பழத்தைக் கொடியில் கட்டி, பாறைக்கு முன்னிருந்த மரத்தின் தாழ்ந்த கிளையில் தொங்கவிட்டது. வெயில் ஏறியதும் பழத்தின் நிழல் பாறையில் ஆடியது. காத்திருப்பவர்கள் தங்கள் நிழலின் வாயால் அந்த நிழல் பழத்தைக் கவ்வ வேண்டும் என்றது முயல்.

“ஒரு பழம், ஒரு கொடி. இவ்வளவுதானா?” என்று மயில் கேட்டது.

நரி குனிந்தது. மான் எம்பியது. பன்றி மூக்கை நீட்டி நீட்டித் தவறவிட்டது. தண்ணீர் குடிக்க அதை இரண்டு தரம் கூப்பிட்டார்கள்.

“இருங்கப்பா, இப்ப மாட்டிடும்!”

அப்போது பாறை முழுதும் இருண்டது. கிளம்பத் தயாராக யானை வந்து நின்றிருந்தது.

“யானையக்கா, மறைக்குது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றது பன்றி. அது யாரிடமும் இவ்வளவு பணிவாகப் பேசியதே இல்லை.

யானை தள்ளி நின்றது. ஊற்றைப் பார்த்தது. ஒரு பிடி மணல்கூடச் சரியவில்லை. பிறகு மெதுவாகத் துதிக்கையை நீட்டிப் பார்த்தது. பழத்தின் நிழல் நழுவிப் போனது.

“இன்னொரு தடவை” என்றது யானை. மலையைப் பற்றி அது அப்புறம் பேசவே இல்லை.

காத்திருக்கும் கூட்டத்துக்குப் பெரிய காட்சி வேண்டாம், அவரவரும் சேர்ந்து விளையாடச் சிறிது இடம் இருந்தாலே போதும்.